முதல் வளையல்

அம்சா கொதிக்கும் கேப்பைக் கூழ்ப் பானையைத் துணியில்லாமல் இறக்கி வைத்தாள். ஏழு மாத வயிறு. தோல் தீய்ந்த நாற்றம் மாமியார் கோவிந்தம்மாளுக்குத்தான் முதலில் எட்டியது.

"அடியே, கை பொரிஞ்சு கெடக்கு! சுடலியா உனக்கு?"

"இல்லியே அத்தை."

கோவிந்தம்மாள் இரண்டடி பின்வாங்கினாள். சூடு தெரியாத கைக்கு எண்பத்து நான்காம் வருஷத்துத் திண்டிவனத்தில் ஒரே பெயர்தான்: குஷ்டம். அன்றே கொல்லைக் கொட்டகைக்கு அவளுடைய பாய் போனது. தனித் தட்டும் போனது. கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டைகளை எடை போட்டுவிட்டு வந்த கணவன் கிருஷ்ணசாமி எட்டி நின்றே பேசினான். வளைகாப்பு நின்றது.

ஒன்பதாம் நாள் தனியாக பஸ் ஏறி, விழுப்புரத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே பெருக்கிக்கொண்டிருந்த குப்பம்மாளுக்கு நோய் குணமாகிப் பல வருஷம். விரல்கள் பாதிதான் மிச்சம். ஊர் திரும்பச் சேர்க்கவில்லை. அவள் தன் பன்னைப் பிட்டு நீட்டினாள்.

"துன்னு தாயி. வாயும் வயிறுமா பட்டினி கெடந்துக்கினு..."

ஒன்பது நாளில் ஒருவர் கையிலிருந்து அம்சா வாங்கிய முதல் உணவு அது.

டாக்டரம்மா அவள் கையைப் பஞ்சால் தொட்டார், தெரிந்தது. வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்தார், தெரியவில்லை. குஷ்டமென்றால் மரத்த இடத்தில் பஞ்சும் தெரியாது. முதுகுத்தண்டுக்குள் செல்லும் நரம்புத் தண்டில், தொடுகையைச் சொல்லும் நரம்புகள் பின்பக்கமாக ஏறுகின்றன. சூட்டைச் சொல்பவை நடுவில் குறுக்கே தாண்டுகின்றன. அந்த நடுவில்தான் அம்சாவுக்கு ஒரு நீர்க்கட்டி என்று டாக்டரம்மா கணித்தார்.

"இது தொத்தாதும்மா. ஆனா பிரசவத்துல முக்கக் கூடாது, கட்டி பெருத்துடும், ஆபரேஷன்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

சீட்டைக் கிருஷ்ணசாமி படித்துக் காட்டியதும் கோவிந்தம்மாள் அந்தத் தனித் தட்டைத் தெருவில் வீசினாள்.

"அதான பாத்தேன்! நம்ம வூட்ல அதெல்லாம் வருமா? ஞாயித்துக்கெழம வளைகாப்பு வச்சிடலாம்."

"அதுவா இருந்திருந்தா, அத்தை?"

கோவிந்தம்மாள் வளையல்காரனுக்குச் சொல்லி அனுப்பப் போய்விட்டாள்.

ஞாயிறன்று தெருப் பெண்கள் நிறைந்திருக்க, கோவிந்தம்மாள் வளையலை எடுத்தாள். அம்சா கையை இழுத்துக்கொண்டாள்.

"மொத வளையல் அவங்க போடட்டும்."

காலை பஸ்ஸில் அவளே போய் அழைத்து வந்த குப்பம்மாள் வாசலில் நின்றிருந்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கோவிந்தம்மாளும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வேணாந் தாயி, என்னால உனக்கு பேஜாரு. நான் கெளம்பறேன்."

"ஒக்காருங்கம்மா."

குப்பம்மாள் மொட்டை விரல்களால் சந்தனம் பூசி, மெல்ல வளையலை ஏற்றினாள். சந்தனத்தின் குளிர்ச்சி அம்சாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கை தெரிந்தது.