கொடுக்கப்படாத அரை மணி

தமிழ் படிக்கும் பெருமக்களே, சாட்சிக்கு வாருங்கள். ஜெலாப்பாங்குக்கு அப்பால், ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்ட தோட்டம் ஒன்றில், ஊர் நேரத்துக்கு அரை மணி பின்னால் வாழும் ஆயாக்கொட்டகை நிற்கிறது. பால்மரம் வெட்டப் போன தாய்மார் பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம் அது. அதைத் தரைமட்டமாக்க இயந்திரம் ஏவப்பட்டது. ஊரில் மழை விட்ட பிறகும் அந்தத் தகரக் கூரைமேல் மட்டும் அரை மணி பெய்யும். அங்கே கூடுவோர் புத்தகங்கள்மேல் நெகிழித்தாள் போர்த்துவார்கள். அதற்குமேல் யாரும் வியந்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு பிறந்தபோது அந்தத் தோட்டம் இருக்கும் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரசு உத்தரவால் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. சூரியன் அதைக் கேட்கவில்லை. தோட்டத்தில் ஆள் எண்ணும் பெரட்டு மணி மட்டும் இன்னும் அரை மணி ஆழமான இருட்டுக்குள் அடித்தது. கொட்டகைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவந்த மாயாண்டி, “நம்ம அரை மணிய நாம குடுக்க வேணாம்லா” என்று சொல்லி, முள்ளைத் தள்ளாமல் சாவியை ஆற்றில் எறிந்தார். அவர் மறைந்தார், தோட்டம் மூடப்பட்டது, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கு ஏறின, கடிகாரம் நின்றது.

அந்தக் கொட்டகையில் தொட்டில் கண்ட புனிதா இன்று கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளி. மூன்றாண்டுகளுக்கு முன் அவர் அதைக் கூட்டிப் பெருக்கி, எட்டு நாற்காலிகள் போட்டு வாசகர் வட்டம் தொடங்கினார். முதல் ஞாயிறு, உணவகம் நடத்தும் மெஹர்பானு, ஆலைகளுக்குள் கடிகாரம் நுழைந்த வரலாற்றைப் படித்துவிட்டு வந்து, “நேரத்த கண்டுபுடிச்சது மொதலாளி இல்ல புனிதா, அதுக்குப் பூட்டு போட்டவன்தான் மொதலாளி” என்றார். சுவரில் கடிகாரம் ஓடத் தொடங்கியது, ஊர் நேரத்துக்குச் சரியாக அரை மணி பின்னால். நூலைப் பற்றிப் பேசினால் ஓடியது. பேச்சு நின்றால் நின்றது. ஆகவே காலத்தையும் கடிகாரத்தையும் பற்றிய நூல்களையே தேடிப் படித்து, கருத்துச் சொல்லி, சண்டையும் போட்டார்கள். தொழிற்சாலையில் கழிவறைக்குப் போவதற்கும் நிமிடக் கணக்குச் சொல்லும் புனிதாவுக்கு, எவரும் எண்ணாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான்.

கிடங்கு கட்ட நிலத்தை வாங்கிய நிறுவனம், ஞாயிறு நண்பகல் பன்னிரண்டுக்கு இடிப்போம் என்றது. அந்த அறிவிப்பு ஓலையைக் கொண்டுவந்த நிறுவன அதிகாரி யுகேந்திரன், “அக்கா, ஊரே முன்ன போய்ட்டுது. நீங்க மட்டும் ஏன் பின்னால நிக்கிறீங்க?” என்றார்.

“பின்னால நிக்கல தம்பி. குடுக்காம நிக்கிறோம்” என்றார் புனிதா.

அந்த ஞாயிறு ஐவர் வந்திருந்தனர். மண்வாரியின் உறுமல் கேட்டதும் ஐவரும் வாயடைத்தனர், கடிகாரம் நின்றது, கூரையின் ஒரு மூலை பிய்ந்து விழுந்தது. புனிதா தடித்த நூலொன்றை விரித்தார். “உலகத்துக் கடிகாரமெல்லாம் இதுல இருக்கு. நம்ம பெரட்டு மணிய பத்தி ஒரு வரி இல்ல. இத எழுதினவரு விடிகாலையில எழுந்ததே இல்ல போல” என்றார். கடிகாரம் ஓடியது. மண்வாரி மறுபடி கையை ஓங்கிக் கூரையைத் தொட்டது; தொட்ட நொடியில் அது அரை மணிக்கு முன் இருந்த இடத்தில், ஜெலாப்பாங் சாலை விளக்கருகே லோரியின்மேல், இருந்தது. ஓட்டுநர் பத்துமலையின் மடியில், தின்று முடித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. மூன்று முறை வந்தார், மூன்று முறை திரும்பினார். நான்காம் முறை இயந்திரத்தை அணைத்துவிட்டு நடந்து உள்ளே வந்தார்.

“ஒரே பொட்டலத்த நாலு தடவ தின்னாச்சு அக்கா, பசி மட்டும் போகல. அப்படி என்னாதான் பேசுறீங்க?” என்று ஆறாம் நாற்காலியில் அமர்ந்தார். உட்கார வந்தவரைக் கடிகாரம் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் வேறோர் ஓட்டுநர் வருகிறார், திரும்புகிறார். “கொட்டகையில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை” என்று யுகேந்திரன் அறிக்கை எழுதுகிறார். நிறுவனமும் அதைக் கோப்பில் வைக்கிறது. ஆனால் அடுத்த மாதம் தொழிற்சாலையில் புனிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை போட்டிருக்கிறார்கள். நிலத்தை வாங்கியவர்கள் காத்திருப்பது ஒரே ஒரு மௌனத்துக்காக.

பெருமக்களே, இரங்கியது போதும். கடிகாரத்தைப் பற்றி நீங்கள் படித்த நூலொன்றைக் கையில் எடுங்கள். பிடிக்காத நூலானால் இன்னும் நல்லது. இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, மூன்றாவதும் காலியாகப் போகிறது. வந்து உட்காருங்கள், வாயைத் திறந்து பேசுங்கள்.