அடைக்கலத்துக்கு ஓர் அத்தாட்சி

"இதுல ஒரு கையெழுத்துப் போடு. பெத்தவளும் போட்டாத்தான் கனடாக்காரன் நம்புவான்."

வெள்ளைத்துரை நீட்டிய காகிதத்தை அவர் மனைவி லட்சுமிகாந்தம் உடனே வாங்கவில்லை. எதிரே சோபாவில் மருமகன் ஹரிஷ்குமார் மடியில் லேப்டாப்போடு காபி குடித்துக்கொண்டிருந்தான். பெண்டாட்டியின் கையை ஒடித்த மகாராசனுக்கு அந்த வீட்டில் இன்றைக்கும் முதல் காபிதான்.

வெள்ளைத்துரைக்கு ஏழாயிரம்பண்ணையில் இரண்டு பட்டாசுக் கம்பெனி. விருதுநகரில் பெரிய வீடு. ஒரே மகள் கீர்த்திகா கனடாவில் இருக்கிறாள். அங்கே வேலை போய் ஹரிஷ்குமார் ஊர் திரும்பியபோது அவள் கூட வரவில்லை. பெண்கள் காப்பகத்துக்கு ஓடிப்போனாள். 'ஊருக்குப் போனால் புருஷன் கொன்றுவிடுவான், இங்கேயே இருக்க விடுங்கள்' என்று அந்த நாட்டிடம் அடைக்கலம் கேட்டிருக்கிறாள்.

இரண்டு நாள் முன்னால் அம்மாவுக்குப் போன் செய்து அழுதாள். "இங்க விசாரணையில, ஒங்க அப்பா அம்மா வசதியாத்தானே இருக்காக, அங்க போய் இருக்கலாமேன்னு கேக்காகம்மா. அங்க என்னைய வச்சுக்க மாட்டாகன்னு அத்தாட்சி வேணும். இல்லன்னா திருப்பி அனுப்பிருவாக. நீ ஒரு வரி எழுதிக் குடும்மா."

"ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா..." என்று இழுத்து, பதில் சொல்லாமலே போனை வைத்துவிட்டாள் இவள். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வரி, அதைக்கூட எழுதத் துப்பில்லாத தாய் எதற்கு?

இப்போது, 'ஊரில் அவளைச் சேர்த்துவைக்கக் குடும்பம் இருக்கிறது' என்று காட்டி அந்த வழக்கை உடைக்க மாமனாரும் மருமகனும் சேர்ந்து ஒரு கடுதாசி தயாரித்திருந்தார்கள். கம்பெனி லெட்டர்பேடில், முத்திரையோடு.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்க," என்றாள்.

வெள்ளைத்துரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பீரமாகப் படித்தார். "'எங்கள் மகள் ஊர் திரும்பினால், பெற்றவர்களாகிய நாங்களே கைப்பிடித்துக் கொண்டுபோய்ப் புருஷன் வீட்டில் விடுவோம். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிறந்த வீட்டில் வைத்துக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கமில்லை.' எப்படி?"

லட்சுமிகாந்தம் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். அம்மாடி! மகள் கேட்ட வரி இதுதானே. இவள் எழுதப் பயந்ததை அவரே முத்திரை குத்தி எழுதியிருக்கிறார்.

"போன தடவ கொண்டுபோய் விட்டதை எழுதலையே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அட, ஆமா! மாப்ளே, அதையும் சேருங்க. கல்யாணமான மறுவருசம், கனடா போறதுக்கு முன்னால, கோவிச்சுக்கிட்டு வந்தா. கை மாவுக்கட்டைப் பிரிக்கிறதுக்குள்ள, ஏழு தட்டுச் சீரோட கொண்டுபோய் விட்டோம்னு போடுங்க."

ஹரிஷ்குமாரின் விரல் நின்றது. "மாமா, மாவுக்கட்டு எதுக்கு?"

"இருக்கட்டும் மாப்ளே. கட்டுக்கூடப் பிரிக்காம அனுப்புன குடும்பம்டா இதுன்னு வெள்ளைக்காரனுக்கும் தெரியட்டுமே!"

எவ்வளவு பெருமை அந்த மனிதருக்கு! புதிதாக அச்சான தாளில் லட்சுமிகாந்தம் கையெழுத்துப் போட்டாள். 'கொண்டுபோய் விட்டோம்' என்ற வார்த்தையில் அவளுக்கும் பங்கு உண்டு; அன்றைக்குச் சீர்த்தட்டைச் சுமந்தவள் அவள்தான்.

"இப்பவாச்சும் ஒனக்குப் புத்தி வந்துச்சே," என்றார் வெள்ளைத்துரை.

அவர் மருமகனை வாசல்வரை வழியனுப்பப் போன நேரத்தில், அவள் அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை, அவர் கம்பெனிக்குப் போனபின் கீர்த்திகா கூப்பிட்டாள்.

"வக்கீலம்மா பாத்தாகம்மா. இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்னுட்டாக." சந்தோஷப்பட வேண்டியவள் விம்மினாள். "அம்மா, அப்பா நெசமாவே அப்படி எழுதுனாரா? யாரும் மெரட்டி எழுத வைக்கலையா?"

"இல்ல தாயி. அவரா எழுதுனதுதான்."

"நீயும் போட்டுருக்கியே."

"போட்டேன். அன்னைக்கு ஒன்னைய விட்டுட்டு வந்தவதானே நானு. எனக்கு மன்னிப்பே கெடையாது."

கொஞ்ச நேரம் இருவரும் அழுதார்கள். பிறகு கீர்த்திகா, "இங்க விசாரணையெல்லாம் முடிஞ்சு ஒரு நாளு, ஒன்னைய மட்டும் பாக்கவாச்சும் வந்துட்டுப் போறேம்மா," என்றாள்.

"வராதே." லட்சுமிகாந்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முந்தானையை விலக்கி, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னாள். "நான் செத்துப்போனேன்னு சேதி வந்தாக்கூட வராதே தாயி. எனக்குக் காரியம் முடிஞ்ச கையோட, ஒங்கப்பா ஒன்னையக் கொண்டுபோய் அவன் வீட்டுல விட்டுருவாரு."