லோர்னா வாய் திறக்காத மதியம்

எங்கள் எழுத்தாளர் வட்டத்தில் ஒரே ஒரு சட்டம்தான். யாருடைய கதையைப் பேசுகிறோமோ அவர் வாயைத் திறக்கக் கூடாது. எல்லோரும் கிழித்து முடித்த பிறகு, கடைசியில் பேசலாம். சியாட்டிலில், ஹெஸ்டர் வீட்டுக் கூடத்தில், பதினோரு வருடமாக ஞாயிறு மதியங்களில் நான் எத்தனையோ பேரைக் கிழித்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எண்பத்தாறில் ஒரு ஞாயிறு, லோர்னாவின் முறை வந்தது. கம்பத்தில் ஏறி டெலிபோன் கம்பி பழுது பார்ப்பது அவள் வேலை. வீடு திரும்பினால், கம்ப்யூட்டர்களும் கம்பெனிகளும் ஆளும் நாளைய நகரங்களைப் பற்றி எழுதுவாள். "இதுவும் தேறலைன்னா எழுதுறதையே விட்டுடறேன்" என்று சொல்லித்தான் தாள்களைக் கொடுத்திருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கதையில் இர்மா என்றொரு கூலிக்காரி. வயிற்றுப்பாட்டுக்காகத் தன் ஞாபகங்களை ஒவ்வொன்றாகக் கம்பெனிக்கு விற்கிறாள். கடைசியில், செத்துப்போன தங்கையின் ஞாபகத்தையும் விற்றுவிடுகிறாள்.

என்ஜினியர் டென்னி ஆரம்பித்தான். "ஞாபகத்தை உருவுற இந்த மெஷின் இப்படி ஓடவே ஓடாது."

லோர்னாவின் முகம் சுருங்கியது.

"ஆனா இர்மா வித்தது சரிதான். வேற என்ன வழி?" என்று டென்னியே தொடர்ந்தான்.

"சரியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?" ஹெஸ்டர் எழுந்து நின்றுவிட்டாள். "தங்கச்சிய விப்பாளா ஒருத்தி?"

"பசிச்சா நீயும் விப்ப."

"உன்னை வேணா விப்பேன். ஓசியில குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான்!"

முறையெல்லாம் காற்றில் பறந்தது. அடுப்பில் ஹெஸ்டர் வைத்த ஆப்பிள் பலகாரம் கருகும் வாசனை வந்தும் ஒருவரும் நகரவில்லை. பார்த்தால் நானும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். "இர்மா விக்கவே மாட்டா! எனக்கு அவளைத் தெரியும்!"

சட்டென்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எப்படித் தெரியும் வால்டர்? அவகூட ஸ்கூல்ல படிச்சியா?" என்றான் டென்னி.

வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வருடத்தில் யார் கதைக்காகவும் நான் எழுந்து நின்றதில்லை. லோர்னா அழுகிறாளோ என்று திரும்பினேன். சட்டத்தை மீறக் கூடாதே என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

"உன் முறை. இப்பப் பேசு தாயே" என்றாள் ஹெஸ்டர்.

லோர்னா அதற்குள் மழைக்கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்தாள்.

"அவதான் வித்துத் தொலைச்சிட்டாளே! இனி கம்பெனிக்குள்ள பூந்து தங்கச்சியத் திருடிக்கிட்டு வரணும். அது ஒரு கதையில அடங்காது, நாவலாத்தான் வரும். நகரு வால்டர், வழிய விடு."