ரோஷெல் கோட்டைவிட்ட பிக்

டொலீடோ பஸ் டிப்போவின் ஓய்வறைக் காபியில் கருகின டயர் வாடை அடிக்கும். ரோஷெல் ப்ரூயிட் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பாதிச் சுளிப்புதான் காபிக்கு. மீதி, எதிரே டெட்ராய்ட் ஃபோர்ஜ் கூடைப்பந்து அணியின் தொப்பியோடு உட்கார்ந்திருந்த டேல் கோவால்சிக்குக்கு. அவள் பிறந்ததிலிருந்தே கிளீவ்லாந்து டாக்கர்ஸ் பக்கம். டொலீடோ ரெண்டு ஊருக்கும் நடுவில் கிடக்கிறது. அதனால் அந்த அறையும் பாதிக்குப் பாதி.

அன்றைக்கு பிக் நாள். பக்கத்து அறையில் சூப்பர்வைசர் பெயரைக் கூப்பிடக் கூப்பிட, சர்வீஸ் அதிகமான டிரைவர் முதலில் போய், எந்த ரூட், எந்த நாள் லீவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று தரம் கூப்பிட்டும் வராவிட்டால் அடுத்த ஆள். கூடைப்பந்து அணிகள் புது ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுப்பதற்கும் அங்கே பிக் என்றுதான் பெயர். ஆக, பிக் நாளில் பேச்சு வேறெங்கே போகும்?

ரோஷெலுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, சனிக்கிழமை லீவு. மகள் ஜனே பள்ளி அணியில் கடைசி வருஷம் ஆடுகிறாள். ஆட்டமெல்லாம் சனிக்கிழமை. ஒன்றைக்கூட ரோஷெல் முழுசாகப் பார்த்ததில்லை. சனிக்கிழமை லீவோடு மிச்சமிருந்தது ஆஸ்பத்திரி ரூட் மட்டும். அவளுக்கு முன்னால் எர்ல் ஒருவர்தான், அவருக்கு ஏர்போர்ட் ரூட் போதும். அவளுக்குப் பின்னால் டேல்.

எர்ல் எழுந்து உள்ளே போனார்.

"என்னதான் சொல்லு, எங்க ஃபோர்ஜ் அந்த வேண்டர்மோலனை எடுத்தது தப்பில்ல," என்றான் டேல், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "அன்னிக்கு இருந்த நிலைமைக்கு அது நல்ல பிக்குதான்."

ரோஷெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நல்ல பிக்கா? டேல், உனக்கு வெக்கமா இல்ல? ஏழடி மரம்யா அவன். முட்டி ரெண்டும் கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும். அவனை யாரு எடுத்தா? உங்காளுங்க எடுக்கவே இல்லப்பா, அவங்க தலையில வந்து விழுந்தான்."

"அப்படியா?" என்றான் டேல்.

"பின்ன? மூணாவது பிக்கு உங்க கையில. ஒடூயா பய சும்மா நிக்கிறான், எடுத்துக்கோன்னு. உங்க மேனேஜர் என்ன பண்றாரு? போனைக் காதுல வெச்சுக்கிட்டு, இதைக் கொடு அதைத் தர்றேன்னு பேரம். கண்ணு முன்னாடி கடிகாரம் ஓடுது. உங்க முறை வந்துடுச்சுன்னு பக்கத்துல இருக்கிறவன் சட்டையைப் புடிச்சு இழுக்கிறான். அந்த மனுஷன் வாயை மூடலியே. நேரம் போச்சு. நாங்க பூந்து ஒடூயாவைத் தூக்கிட்டோம். உங்களுக்கு மிஞ்சினது அந்த மரம்தான். த்தூ. அவ்ளோ பெரிய வேலையில இருக்கிறவனுக்கு வாயை மூடணும்னு தெரிய வேணாமா?"

அறை சிரித்தது. ரோஷெலுக்கு இன்னும் ஏறியது. எழுந்து நின்று, போனைக் காதில் வைத்த மாதிரி கையை மடக்கி, அந்த மேனேஜரைப் போலவே நடந்து காட்டினாள். வழக்கமாக ரெண்டாவது வார்த்தையிலேயே குறுக்கே பாய்கிற டேல், அன்றைக்குத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். சிரிப்பு இன்னும் பலமானது.

டேல் எழுந்தான்.

"எங்க ஓடுற? இரு, முடிக்கல."

"என் பேரைக் கூப்பிடுறாங்க, ரோஷெல்."

சிரிப்பு நின்றுபோனது. வெளியே வந்த எர்ல் அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "உன்னை மூணு தரம் கூப்பிட்டாச்சும்மா," என்றார்.

காதில் மடக்கி வைத்த கை அப்படியே நின்றது. சட்டென்று அதைக் கீழே இறக்கினாள்.

ஆஸ்பத்திரி ரூட்டை டேல் எடுத்துக்கொண்டான். அவளுக்கு மிஞ்சியது மால் ரூட், செவ்வாய் புதன் லீவு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது டேல் காபி இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றான்.

"எனக்குப் பொண்டாட்டியா புள்ளையா, எந்த நாள் லீவா இருந்தா என்ன," என்றான். "இன்னிக்குள்ள ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம். டிரேட் போடலாமா?"

"பதிலுக்கு?"

"அந்த வேண்டர்மோலனையே பின்னாடி ரெண்டு பிக்கு கொடுத்து எங்ககிட்டேர்ந்து வாங்கினீங்களே. அந்த டிரேட்ல ஏமாந்தது டாக்கர்ஸ்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லு."

இத்தனை வருஷமாக அவள் அதை ஒத்துக்கொண்டதே இல்லை. வேண்டர்மோலன் வந்ததால் அணியின் சின்னப் பையன்கள் பாடம் கற்றார்கள், அது இது என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கிறாள். அவளுக்கே தெரியும், அத்தனையும் புளுகு. முழு சீசனும் அவன் முட்டி வலியென்று, கோட்டும் சூட்டுமாக, ஆடாமல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான்.

அறை மொத்தமும் பார்த்தது. ரோஷெல் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தாள்.

"வேண்டர்மோலன் டிரேட்ல... நாங்க ஏமாந்தோம்."

"கடைசி வரிசைக்குக் கேக்கல."

"டேல், சனிக்கிழமைக்கு இவ்ளோதான் விலை."

அவன் சிரித்துக்கொண்டே சூப்பர்வைசர் அறைப் பக்கம் நடந்தான். ரோஷெல் ஆறிப்போன அந்தக் கருகல் காபியை வாய் நிறைய எடுத்து, கொப்பளித்து, தொட்டியில் துப்பிவிட்டு அவன் பின்னால் போனாள்.