மஞ்சள் பூசிய தோகை

எங்கள் கரும்புக் கொல்லையில் சில தூர்கள் வெளுத்துப் போயிருப்பதை முதலில் பார்த்தது கோவிந்தசாமி மாமாதான். பக்கத்துக் கொல்லைக்காரர். தன் கொல்லையில் நடப்பதைவிட அடுத்தவர் கொல்லையில் நடப்பது அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். வரப்பில் நின்றபடியே அண்ணியைக் கூப்பிட்டு, இது கரும்பு இல்லை புல், இரண்டு மாடு வாங்கிக் கட்டு என்றார்.

அண்ணியின் பெயர் தமிழ்ச்செல்வி. அண்ணன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இருபது நாள் ஆந்திரா பக்கம்தான். அதனால் நெல்லிக்குப்பத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் முக்கால் ஏக்கரும், ஒரு பசுவும், நானும் அண்ணியின் பொறுப்பு. நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டவள். யாராவது கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் வாய் வராது. அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார், எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த வருடம் அண்ணி முதன்முதலாக விதைக் கரும்பு போட்டிருந்தார். ஆலைக்கு அனுப்புவதற்கு இல்லை. ஏழு மாதத்தில் வெட்டி, கரணை கரணையாக நறுக்கி, மற்றவர்கள் நடுவதற்குக் கொடுப்பது. பதினோரு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். காலண்டரில் ஒரு புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, அன்றைக்கு வெட்டு என்று ஊர் முழுக்கச் சொல்லியும் இருந்தார். பொம்பளை போட்ட விதைக் கரும்பு எப்படி வருகிறது பார்க்கலாம் என்று மாமா டீக்கடையில் சொன்னது அண்ணி காதுக்கு வந்திருந்தது.

வேளாண்மை அதிகாரி வந்து பார்த்தார். இரும்புச் சத்து குறைந்தாலும் தோகை இப்படி வெளுக்கும், அன்னபேதி உப்பைக் கரைத்து அடித்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் கரும்பைப் புல்லாக்கிவிடும் ஒரு நோயும் இருக்கிறது. அந்தக் கிருமி தோகையின் நரம்புக்குள் இருக்கும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஎன்ஏ சோதனை செய்தால்தான் தெரியும். நோய் என்றால் கரணையோடு சேர்ந்து அதுவும் போகும், நடுகிற பதினோரு கொல்லையும் கெடும். சிதம்பரத்தில் ஒரு ஆய்வகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்ணி இது அன்னபேதியில் தீர்கிற குறைதான் என்று முடிவே செய்துவிட்டார். சோதனை என்பது மாமாவின் வாயை அடைக்க மட்டும்.

மறுநாள் விடிந்ததும் வெளுத்த தோகையில் மூன்று அறுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வெளியே போனாலும் சரி, புது மிக்ஸி உள்ளே வந்தாலும் சரி, மஞ்சள் படாமல் நகராது. அண்ணி அம்மியில் மஞ்சளை இழைத்து, தோகையின் நுனியில் தொட்டு வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். உடம்பு முடியாததுதானே, கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கட்டும் என்று சொல்லி, அடியிலிருந்து நுனிவரை இரண்டு பக்கமும் பூசினார். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டிப் போட்டு என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்.

கடலூர் பஸ் நிலையத்தில் சிதம்பரம் பஸ் மாறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த அம்மா பைக்குள் எட்டிப் பார்த்து, எந்தக் கோவிலுக்கு என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். ஆய்வகத்தில் நாலு பேர் முன்னால் இந்தப் பையை நான் திறப்பது போலவும், அவர்கள் தோகையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பது போலவும் மனதில் ஓடியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் துப்பட்டா முனையில் பாட்டில் தண்ணீரை ஊற்றித் துடைக்க ஆரம்பித்தேன். குங்குமம் போய்விட்டது. மஞ்சள் முழுசாகப் போகவில்லை, நரம்போடு நரம்பாக ஊறிவிட்டிருந்தது. ஆனால் பு.முட்லூர் வருவதற்குள் அது தானாகவே மஞ்சளாகிப்போன தோகை மாதிரி ஆகிவிட்டது. என் துப்பட்டாதான் நலங்கு வைத்த வீட்டுக்குப் போய் வந்தது மாதிரி இருந்தது.

ஆய்வகத்தில் அம்ரீன் என்ற அக்கா இருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பயிர் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். தோகையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மஞ்சள் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, நல்ல மாதிரிதான் கொண்டு வந்திருக்கிறாய் என்று பாராட்டினார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பாத்ரூம் எங்கே என்றுதான் கேட்க வந்தது.

திரும்பி வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டி அவரே விளக்கினார். தோகையை அரைத்து டிஎன்ஏவைப் பிரிப்பார்களாம். கிருமியின் டிஎன்ஏ துளி இருந்தாலும் மெஷின் அதை மட்டும் பிடித்துக் கோடிக் கணக்கில் பெருக்கிவிடுமாம். பிறகு ஜெல்லில் ஓடவிட்டு விளக்கில் பார்த்தால் கறுப்புப் படத்தில் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

"ரெண்டு கோடு பாக்கணும். மொதக் கோடு கரும்போடது. அது எப்பவும் வரணும். ரெண்டாவது வந்தா நோய், வரலன்னா இல்ல. அவ்வளவுதான், பயப்படாத."

நான் தலையாட்டினேன். திரும்பும் வழியெல்லாம் துப்பட்டாவை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அண்ணியின் போனுக்குப் படம் வந்தது. எங்கள் வீட்டில் அந்த ஒரு போன்தான். அண்ணி பால் சொசைட்டியில் வரிசையில் நின்றிருந்தார். படத்தின் இடது ஓரத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். வலது ஓரத்தில், ஆய்வகத்தில் வைத்திருக்கும் நோய்க் கரும்புக்கு இரண்டு கோடு பளிச்சென்று. நடுவில் எங்கள் பெயர் போட்ட மூன்று இடமும் துடைத்துவிட்ட சிலேட்டு. படத்துக்குக் கீழே, மத்தியானம் பேசுகிறேன் என்று மட்டும் அம்ரீன் அக்கா எழுதியிருந்தார்.

அண்ணிக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. கோடு இல்லை என்றால் நோய் இல்லை. அங்கேயே நின்று பதினோரு பேருக்கும் படத்தை அனுப்பினார். பன்னிரண்டாவதாக மாமாவுக்கும் அனுப்பினார். வீட்டுக்கு வருவதற்குள் புதன்கிழமை வெட்டுக்கு ஆறு ஆட்களையும் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு டம்ளர் பால் அதிகமாகக் கிடைத்தது.

பாலைக் குடித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாவது கோடு இல்லை, சரி. முதல் கோடும் இல்லை. எப்பவும் வரணும் என்று சொன்ன கோடு.

அண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். நான் அம்ரீன் அக்காவுக்கு எழுதினேன், அழித்தேன். சுற்றி வளைத்து எழுதினால் எனக்கே புரியவில்லை. கடைசியில் இப்படி அனுப்பினேன்: அக்கா, அது நோய் மஞ்சள் இல்ல, சமையல் மஞ்சள்.

அனுப்பிய மறு நிமிடமே போன் அடித்தது. என் கையில் அது அடித்துக்கொண்டே இருக்க, நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணி ஓடிவந்து ஈரக் கையோடு வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

அம்ரீன் அக்கா முதலில் கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "உங்க தோகையில கரும்பே இல்லன்னு சொல்லுது மெஷின். நானும் காலையிலேர்ந்து மண்டையப் பிச்சிக்கிறேன். மஞ்சள் கலந்தா டெஸ்டே நடக்காது அக்கா. நோய் இருக்குன்னும் இல்ல, இல்லன்னும் இல்ல. நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். வேற தோகை அனுப்புங்க."

அண்ணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் துடைத்ததை நான் சொன்னேன்.

"குங்குமத்தையுமா தொடச்ச?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க அண்ணி மாட்டுக் கொட்டகையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். அப்படி அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பதினோரு பேரும் படத்தைப் பார்த்துவிட்டார்கள். சிலர் பூ படம் போட்டுப் பதிலும் அனுப்பிவிட்டார்கள். மாமா எதுவும் அனுப்பவில்லை, அதுவே பெரிய வெற்றி. இப்போது மறுபடி சோதனை என்றால் புதன்கிழமை தள்ளிப்போகும், ஊர் காரணம் கேட்கும்.

"வெட்டிக் குடுத்துட்டா யாருக்குடி தெரியப் போவுது மதி?" என்றார், பெயர் என்னுடையதுதான், ஆனால் மாட்டிடம் பேசுவது போல.

நான் மாட்டுக்கும் அண்ணிக்கும் நடுவில் போய் நின்றேன். "மொளச்சு வந்தா தெரியும் அண்ணி," என்றேன்.

அண்ணி வாளியிலிருந்து எழுந்தார். ஆறு ஆட்களுக்கும் போன் போட்டு, புதன்கிழமை வேண்டாம் என்றார்.

இந்த முறை மூன்று தூரிலிருந்து தனித்தனியாக எடுக்கச் சொல்லியிருந்தார் அம்ரீன் அக்கா. ஒல்லியாகப் புல் மாதிரி கிளைத்த தூர் ஒன்று. போர்வெல் பக்கத்தில் வெறுமனே வெளுத்திருந்த தூர் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, நன்றாக இருக்கும் பச்சைத் தூர் ஒன்று. மூன்றாவதற்கு அண்ணி கொல்லை முழுக்கச் சுற்றித் தேர்ந்தெடுத்தார். என்னைப் போல ஒன்றரை மடங்கு உயரம், மணிக்கட்டுப் பருமன். வெட்டினால் முதலில் இதைத்தான் வெட்டுவேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த தூர். தோகைகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி, எண் போட்டோம். மஞ்சள் இல்லாமல் அனுப்ப அண்ணிக்கு மனசு வரவில்லை. அதை என் கன்னத்தில் பூசி அனுப்பினார்.

முடிவு தெரியும் அன்று அண்ணியும் வந்தார், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப் புடவையில். அம்ரீன் அக்கா எங்களைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். கறுப்புப் படம் மெதுவாகத் தெளிந்தது. முதல் கோடு மூன்று இடத்திலும் வந்திருந்தது. அண்ணி என் தொடையில் தட்டினார், கரும்பு கரும்பாகிவிட்டது என்பது போல.

பிறகு இரண்டாவது கோட்டைப் பார்த்தோம். புல் மாதிரி கிளைத்ததற்கு அது பளிச்சென்று இருந்தது. போர் பக்கத்துத் தூருக்கு இல்லை, அது வெறும் அன்னபேதிக் கணக்குதான். மூன்றாவது இடத்தில் மங்கலாக, ஆனால் இருந்தது.

அண்ணி திரையில் விரலை வைத்தார். "இது எது?"

பச்சைத் தூர் என்று அம்ரீன் அக்கா சொன்னார். குழாய் எதுவும் மாறிப் போயிருக்குமா என்று அண்ணி கேட்டார். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டியதாகச் சொல்லி, அவர் இன்னொரு படத்தையும் திறந்து காட்டினார். அதிலும் அப்படியேதான். நோய் உள்ளே வந்துவிட்டது, வெளியே தெரிய இன்னும் நாளாகும் என்றார். விதைக்குத்தான் ஆகாது, முற்றவிட்டு ஆலைக்கு அனுப்பலாம், சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்றும் சொன்னார்.

"பாக்க அவ்ளோ லட்சணமா இருந்துதே," என்றார் அண்ணி.

பஸ் புதுச்சத்திரம் தாண்டியது. அண்ணி போனை எடுத்து, பதினோரு பேருக்கும் அனுப்ப வாய்ஸ் மெசேஜ் பேச ஆரம்பித்தார். முதல் தடவை மிக நீளம், அதிகாரியில் தொடங்கி மிக்ஸி வரை போய்விட்டது. இரண்டாவது தடவை நடுவில் கண்டக்டர் டிக்கெட் கேட்டார். மூன்றாவது தடவை பாதியிலேயே நிறுத்தி அழித்துவிட்டார். கடலூர் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான்காவது தடவை பேசியதைத்தான் அனுப்பினார்.

"நான் தமிழ்ச்செல்வி பேசறேன். எங் கரும்புல நோய் இருக்கு. பச்சையா இருக்கிறதுலயும் இருக்கு. அதனால கரணை யாருக்கும் குடுக்கல. மொதல்ல அனுப்புன போட்டோ செல்லாது, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிக்கங்க."

பன்னிரண்டாவதாக மாமாவுக்கும் அனுப்பினார். அவரிடமிருந்துதான் முதல் பதில் வந்தது: நான் அப்பவே சொன்னேன். ஒருவர் கோபமாக, இனிமேல் நான் கரணைக்கு எங்கே போவேன் என்று கேட்டிருந்தார். அண்ணி அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, அவர் கேட்பது நியாயம்தான் என்றார். வேறு இருவர் வெறுமனே சரி என்று போட்டிருந்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

நெல்லிக்குப்பம் பஸ் கிளம்பும் நேரத்தில், பதினோரு பேரில் ஒருவரான அண்ணாகிராமத்துத் தைலம்மாள் அக்காவின் குரல் வந்தது. அவர் கொல்லையிலும் நாலு தூர் வெளுத்திருக்கிறதாம், அன்னபேதி இரண்டு தடவை அடித்தும் மாறவில்லையாம், யாரிடமும் சொல்லாமல் இருந்தாராம். அந்தச் சோதனைக்குத் தோகை எப்படி எடுப்பது என்று கேட்டார்.

அண்ணி போனை என் பக்கம் நீட்டினார். "நீ சொல்லு. எல்லாம் பாத்தவ நீதான்."

நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் போனை என் மடியில் போட்டுவிட்டு, டிக்கெட்டுக்குச் சில்லறை தேட ஆரம்பித்தார். பஸ் பெண்ணையாற்றுப் பாலம் பக்கம் திரும்பாமல் நெல்லிக்குப்பம் சாலையைப் பிடித்தது. நான் பட்டனை அழுத்திப் பிடித்து, குரல் வரும்வரை காத்திருந்தேன்.

"அக்கா, நான் வெண்மதி. வெளுத்தத மட்டும் எடுக்காதீங்க. நல்லா இருக்கிறதுலயும் ஒண்ணு எடுங்க."