ஹக்கீம் பாய் தொட்ட முகம்

"பல் கூச்சம் உள்ளவர்கள் தேவை" என்று திண்டுக்கல் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒட்டிய நோட்டீஸைத் தன் பிரியாணிக் கடைச் சுவரிலேயே பார்த்தபோது, அப்துல் ஹக்கீமுக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் முந்திக்கொண்டு வந்தது. இந்த வயதில் அவரிடம் இருக்கிற ஒரு பொருள் யாருக்கோ தேவைப்படுகிறது! முழங்கால் வலியை யாரும் கேட்டு வந்ததில்லை. குறட்டைக்கோ, வீட்டில் தனி அறையே ஒதுக்கியிருந்தார்கள்.

"ஆராய்ச்சிக்கு என்னையக் கூப்புடுறாங்க, தெரியுமா?" என்றார் மனைவி நஜ்முன்னிசாவிடம்.

"எலியையும்தான் கூப்புடுறாங்க," என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கல்லூரியில் பல்லைத் தட்டிப் பார்த்தார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஹக்கீம் தேறிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கடைசிவரை கைக்கு அகப்படாத தேர்ச்சி, பல்லில் வந்து சேர்ந்ததே என்று அன்று கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆராய்ச்சியை நடத்தியவள் பவித்ரா. ஒட்டன்சத்திரத்துப் பெண், மேல்படிப்பில் கடைசி வருஷம். முதல் நாளே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள்.

"இடது பக்கத்துக்கு ஒரு களிம்புங்க, வலது பக்கத்துக்கு வேற ஒண்ணு. ஒண்ணு புது மருந்து, இன்னொண்ணு ஏற்கெனவே கடையில விக்கிறது. ஆளுக்கு ஆள் பக்கம் மாறும். எது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுங்க."

"அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?"

"கம்ப்யூட்டருக்குங்க. எல்லாம் முடிஞ்ச பின்னாடிதான் அது வாயத் தொறக்கும். அப்பறம் அங்கிள், புடிக்கலைன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாங்க. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

இதை ஹக்கீம் ஒரு உபசார வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் "அவசரம்னா கிளம்புங்க" என்பார்கள். அதற்காகச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட முடியுமா?

ஒவ்வொரு முறை போகும்போதும் பவித்ரா அவர் பல்லில் குளிர்ந்த காற்றை ஊதுவாள். பிறகு ஒரு அட்டையை நீட்டுவாள். அதில் வரிசையாக முகங்கள் வரைந்திருக்கும். முதல் முகம் வாய் நிறையச் சிரிக்கும். வலி ஏற ஏறச் சிரிப்பு சுருங்கி, கடைசி முகம் ஓவென்று அழும். எது தன் முகமோ அதை நோயாளி தொட வேண்டும்.

ஹக்கீம் எப்போதும் முதல் முகத்தையே தொட்டார். இடது பக்கம் கேட்டாலும் அதுதான், வலது பக்கம் கேட்டாலும் அதுதான்.

இடது பக்கத்தில் அது சத்தியமான உண்மை. ஐஸ் தண்ணீரே குடிக்க முடிந்தது. வலது பக்கத்தில் முழுப் பொய். இரண்டாவது வாரத்திலிருந்தே அங்கே ஈறு தீயாக எரிந்தது, தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக நின்றது. டீயை இடது கன்னத்தில் ஒதுக்கித்தான் குடித்தார். காலையில் முதல் தேக்சா பிரியாணி அடுப்பிலிருந்து இறங்கியதும் ருசி பார்ப்பது அவர் வேலை. அந்த ஒரு வாயைக்கூடத் தலையைச் சாய்த்துத்தான் மென்றார். சமையல் மாஸ்டர் அதைக் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் வாங்கிவந்தார்.

சொல்லியிருக்கலாம். ஆனால் போனதும் அந்தப் பெண் எழுந்து நின்று, "வாங்க அங்கிள், வெயில்லயே வந்தீங்களா?" என்று மின்விசிறியைத் திருப்பிவைக்கும். முதல் முகத்தைத் தொட்டதும் அதன் முகமே அட்டையில் இருப்பதுபோல மலரும். அதைப் பார்த்த பிறகு கடைசி முகத்தைத் தொட யாருக்குக் கை வரும்?

கடைசி முறை போனபோது பவித்ரா வராந்தாவுக்கே வந்து சொன்னாள். "இன்னையோட இந்தக் கட்டம் முடியுதுங்க. யாருமே எரிச்சல், வலின்னு சொல்லலை. அடுத்த மாசம் கன்னிவாடியிலயும் சிறுமலையிலயும் முகாம் போட்டு நூறு பேருக்குக் குடுக்கப் போறோம். செத்த இருங்க, கூப்பிடுறேன்."

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அகரத்துக் கருப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். பூந்தோட்டக்காரி. டாக்டருக்கென்று மடியில் ஒரு பொட்டலம் மல்லிகை வைத்திருந்தாள். சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள்.

"என்னம்மா, இப்புடி வத்திப்போயிட்டீங்க?"

"வாய்க்குள்ள வேகுது பாயி," என்றாள் அவள், கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி. "இடது பக்கம். கஞ்சியும் தண்ணியுமா ஓட்டுறேன். கறி, வெஞ்சனம்னு ஒண்ணத் தொட்டு எம்புட்டு நாளாச்சு!"

"எனக்கு வலது பக்கம். டாக்டரம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"நல்லாக் கேட்டீக! அந்தப் புள்ள எம்புட்டுப் பதவிசாப் பேசுது. அது மூஞ்சியப் பாத்து ஏ தாயி, ஒன் மருந்து சரியில்லைன்னு சொல்லவா? சிரிக்கிற பொம்மையத் தொட்டுட்டு வந்துருவேன். நீங்க?"

"நானும் அதே பொம்மைதான்."

எதிர் பெஞ்சில் கன்னத்தைக் கையால் தாங்கியபடி ஒருவர் தூங்குவதுபோல நடித்துக்கொண்டிருந்தார். அவரும் அதே பொம்மையாகத்தான் இருக்கும் என்று ஹக்கீமுக்குத் தோன்றியது. மருந்து வேலை செய்கிறதோ இல்லையோ, திண்டுக்கல்காரர்களின் மரியாதை கனகச்சிதமாக வேலை செய்துகொண்டிருந்தது.

அப்போது அவருக்கு ஒரு பழைய வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று மாஸ்டர் கைமறதியாக இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டார். ஹக்கீமுக்கு வயிறு சரியில்லை, ருசி பார்க்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து, கைகழுவி வந்த ஒவ்வொருவரையும் "எப்புடி இருந்துச்சு?" என்று கேட்டார். "அருமை பாய்," "சூப்பர் பாய்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் போனார்கள். அவர் பூரித்துப்போய் மறுநாளைக்குக் கூடுதலாக அரிசி ஊறப்போட்டார். மறுநாள் ஈ மட்டும் வந்தது. அத்தனை பேரில் ஒரு பய சொல்லலையே என்று ஒரு வாரம் ஊரையே திட்டித் தீர்த்தார்.

இப்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பது பவித்ரா. வாயைத் திறந்து சொல்லாத அந்தப் பய அவரேதான். ஊறப்போட்டிருப்பதும் அரிசி அல்ல, நூறு பேருடைய வாய்.

உள்ளே போனார். காற்று ஊதினாள். அட்டையை நீட்டினாள். இடது பக்கத்துக்கு முதல் முகத்தைத் தொட்டார்.

"இது மரியாதைக்கு இல்லம்மா. நெசமாவே நல்லாருக்கு."

பவித்ரா சிரித்தாள். "வலதுங்க?"

விரல் பழக்கதோஷத்தில் முதல் முகத்துக்கே போனது. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்து, அழுகிற முகத்துக்கு முந்தின முகத்தில் வைத்தார். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து."

அவள் விளக்கை இழுத்து, கன்னத்தை நன்றாக ஒதுக்கிப் பார்த்தாள். போன முறைகளில் பல்லைத்தான் பார்த்திருந்தாள். அவரும் கன்னத்தை இறுக்கியே வைத்திருந்தார். இப்போது கண்ணாடிக் குச்சி ஒரே இடத்தில் நின்றது.

"ஏனுங்க அங்கிள்... ஏன் சொல்லலை?"

"நீங்க அம்புட்டு அன்பாக் கேட்டீங்கம்மா. அதான் சொல்ல முடியல." அவருக்கே அது மடத்தனமாகக் கேட்டது. "வெளிய இருக்கவங்களும் என்னாட்டந்தான்னு நெனைக்கிறேன். ஒங்க பரிட்சைக்கு எதுவும் ஆயிருமா?"

பவித்ரா கையுறையைக் கழற்றினாள். "மருந்து எரியுதுன்னு எழுதுனாலும் ஆராய்ச்சிதாங்க," என்றாள். அந்தக் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆறு மாத உழைப்பு அந்த ஒரு விரல் நுனியில் சரிந்ததை அவர் பார்த்தார். ஒரு பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிட்டதுபோல இருந்தது அவருக்கு.

"எரியுறது புதுசா பழசான்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா எரியுதுன்னு இப்பத் தெரிஞ்சிருச்சு. இன்னைக்கே எங்க சார்கிட்டச் சொல்லி நிறுத்தணுங்க. உங்க ஈறை நாங்களே சரி பண்ணித் தர்றோம்." கொஞ்சம் பொறுத்து, "உங்க கடையில யாராச்சும் நல்லா இல்லைன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அன்னைக்குக் கோவம் வரும்மா. மறுநா உப்பு கொறையும்."

அவள் முகங்கள் வரைந்த அட்டையை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டாள்.

வெளியே வந்த ஹக்கீம் கிளம்பியிருக்கலாம். ஆனால் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தார். கருப்பம்மாள் மல்லிகைப் பொட்டலத்தோடு உள்ளே போனாள். கதவு முழுதும் சாத்தவில்லை. அட்டை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"கஞ்சி, தாயி."

"நேத்து ராத்திரி?"

"கஞ்சி."

"அதுக்கு முந்தின நாள்?"

எதிர் பெஞ்சுக்காரர்கூடக் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொன்னாக் கோவிச்சுக்க மாட்டியே?"

"கொஞ்சம் கோவிச்சுக்குவேங்க. ஆனாச் சொல்லுங்க."

"அப்ப செத்த நேரம் உக்காரு தாயி. நெறைய இருக்கு."

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.