இன்னாசி வைத்த வேட்டு

பத்தொன்பது வயதில் சவரியின் மண்டையில் கல் விழுந்தது. கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கிணறு வெட்டும்போது நடந்த கதை. பாறையில் வெடிமருந்து கெட்டித்துத் திரிக்குத் தீ வைத்தவர் அவனுடைய தாய்மாமன் இன்னாசி. சவரி மேலே ஏறிக் கரையைத் தொடுவதற்குள் வேட்டு வெடித்துவிட்டது. தேங்காய் அளவுக் கல் ஒன்று மண்டையை உரசிக்கொண்டு போனது. பிழைத்தான். காதுக்கு மேலே தழும்பு மட்டும் ஓணான் படுத்த மாதிரி தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவன் பெண்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஊர் பேசியது. அதற்கு முன்பும் பார்த்ததில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. சவரிக்குத் தெரியும். கல் விழுவதற்கு வெகுகாலம் முன்பே, கபடி ஆடும் பையன்களைப் பார்த்துத்தான் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது சில வருஷமாக மாதேஸ்வரனோடு ஒரே கிணற்றில் வேலை, ஒரே தூக்குவாளியில் சோறு. மாதேஸ்வரன் பெங்களூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவன், கன்னடம் சரளமாகப் பேசுவான். கிணற்று மேட்டுக் கொட்டகையில் இரண்டு பேரும் புருசன் பெண்டாட்டி போலத்தான் இருந்தார்கள். வெளியே சொல்லவில்லை.

இன்னாசிக்கோ தன்னால்தான் பையன் கெட்டான் என்று உறுத்தல். மகள் ராஜமேரியை அவனுக்கே கட்டிக்கொடுப்பது என்று முடிவு செய்தார். அவருடைய அக்கா, சவரியின் அம்மா ஆரோக்கியம்மாள் தலையாட்டினாள். கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை படித்தாகிவிட்டது. மூன்றாவது ஞாயிறும் சாமியார் இருவர் பெயரையும் படித்து, தடை சொல்ல ஆள் இல்லையென்றால் தாலிதான்.

ராஜமேரி ஒருநாள் குடத்தோடு சவரியை வழிமறித்தாள்.

"ஏன் மாமா, எங்கப்பன் வேட்டு வெச்சதுக்கு நான் என்னா நஷ்டஈடா?"

அவளுக்கு டைப்ரைட்டிங் முடித்து அரூரில் வேலைக்குப் போக ஆசை. அன்று சாயங்காலமே சவரி அம்மாவிடம் போய், தனக்குப் பெண்கள்மேல் மனசு போகாது, போனதும் இல்லை என்று சொல்லிவிட்டான்.

ஆரோக்கியம்மாள் அழுது புரளவில்லை. கல் சில்லு ஒன்று உள்ளே தங்கியிருக்கிறது, அதுதான் படுத்துகிறது என்றாள். பெங்களூரில் மண்டையைப் பிளக்காமலே உள்ளே படம் எடுக்கும் மெஷின் வந்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். கறவை மாட்டை விற்றாள். பாஷை தெரிந்தவன் வேண்டுமென்று மாதேஸ்வரனையும் அவளே கிளப்பினாள். பஸ்ஸில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஓசூர் தாண்டும்வரை ஜெபமாலை உருட்டினாள்.

அந்த மெஷின் படுக்கப்போட்ட கிணறு மாதிரி இருந்தது. உள்ளே போய் ஆடாமல் கிட என்றார்கள். குறுகலும் இருட்டும் சவரிக்குப் புதிதில்லை. பயம் வேறு. சில்லு நிஜமாகவே இருந்துவிட்டால்? அதை எடுத்தால் கூடவே மாதேஸ்வரன் மேலிருக்கும் ஆசையும் போய்விடுமோ? கல் இருக்கக் கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டான்.

டாக்டரம்மா படத்தை விளக்கின் முன் மாட்டிப் பார்த்தார். எலும்பில் ஆறிப்போன கோடு ஒன்று, அவ்வளவுதான், உள்ளே சுத்தம் என்றார். மாதேஸ்வரன் அதைத் தமிழில் சொன்னான். ஆரோக்கியம்மாள் விடவில்லை. அப்படியானால் பொம்பளைமேல் ஏன் இவனுக்கு மனசு போகவில்லை என்று கேட்கச் சொன்னாள். டாக்டரம்மா சவரியைப் பார்த்து, வேறு யார்மேல் போகிறது என்று கேட்டார்.

"ஆம்பளை மேலதாங்க," என்றான் சவரி. "ஒரே ஆளு மேல."

மாதேஸ்வரன் முதல் பாதியைக் கன்னடத்தில் சொன்னான். மீதி பாதி வரவில்லை. காது வரைக்கும் சிவந்து நின்றான். ஆரோக்கியம்மாள் மகனைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். மூளையில் ஆசை எந்த இடத்தில் இருக்கிறது, இப்படிப்பட்டவர்களுக்கு அது வேறு மாதிரி இருக்குமா என்று சீமையில் தேடுகிறார்களாம், இன்னும் தெரியவில்லையாம். இந்த மெஷினுக்குக் கட்டி தெரியும், ரத்தக் கசிவு தெரியும், ஆசை தெரியாதாம். நாளைக்கே இடத்தைக் கண்டுபிடித்தாலும் அது வியாதி ஆகிவிடாதாம்.

ஆரோக்கியம்மாள் மாதேஸ்வரனை முறைத்தாள். "டாக்டரம்மா சொல்றதத்தான் சொல்றியா, இல்ல உன் சொந்தச் சரக்கா?"

"சத்தியமா அவங்க சொல்றதுதாங்க ஆத்தா."

"சரியாத்தான் சொல்லுது," என்றார் டாக்டரம்மா, உடைந்த தமிழில்.

"அப்ப அந்தக் கல்லு வுழாம இருந்திருந்தாலும் இவன் இப்படித்தானா?"

டாக்டரம்மா தலையசைத்தார். ஆரோக்கியம்மாள் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். "எந்தம்பி மேல பழி இல்ல. பாவம், எத்தன வருசமா சோறு எறங்காமக் கெடக்கறான்," என்றாள். திரும்பும்போது ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்து, அவர்கள் இருவரையும் பக்கத்தில் சேர்ந்து உட்கார விட்டாள். ஜெபமாலையை எடுக்கவில்லை. வாய் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு பூசை பாதியில் ஊர் வந்து சேர்ந்தார்கள். சாமியார் மூன்றாம் ஓலையைப் படித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார்.

"தடை இருக்குதுங்க சாமி." வாசற்படியில் செருப்பை உதறிவிட்டு ஆரோக்கியம்மாள் சவரியோடு நடுவழியே நடந்தாள். நேராகத் தம்பியிடம் போய்ப் படத்தை நீட்டினாள். "பாருடா. உன் வேட்டு இவன ஒண்ணும் பண்ணல. இவன் பொறந்ததே இப்படித்தான். கல்யாணம் வேணாங்கறான், வுட்டுரு."

இன்னாசி படத்தைத் தலைகீழாகப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "நெசமாவாக்கா?" என்றார். உடம்பு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, இரண்டும்தான். பெண்கள் பக்கத்திலிருந்து ராஜமேரி எழுந்து, தனக்கும் சம்மதம் இல்லை என்று உரக்கச் சொன்னாள். சாமியார் சவரியையும் ராஜமேரியையும் பார்த்தார், காகிதத்தை அங்கிப் பைக்குள் வைத்தார், பாட்டை எடுக்கச் சொன்னார்.

பூசை முடிந்ததும் வெளியே படத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. இன்னாசிதான் டாக்டர். எது கண்ணுக்குழி, எது மூளை என்று தப்பும் தவறுமாகக் காட்டிக்கொண்டிருந்தார். இன்னாசியின் அண்டை வீட்டு யாகப்பன் ஓலை நின்றுபோனதைக் குத்திக்காட்ட வாயெடுத்தான். இன்னாசி அவன் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, ஊரிலேயே படம் எடுத்து நிரூபித்த மண்டை என் மாப்பிள்ளையுடையது ஒன்றுதான், உன்னுடையதில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு சவரியைத் தள்ளிக் கூட்டிப்போய்க் கேட்டார்:

"மாப்ளே, உங்க கெணத்துல பாறை ஏதாச்சும் கெடக்குதா? நான் வந்து வேட்டு வெக்கட்டுமா?"

"வாங்க மாமா. நான் ஊருக்கு வெளிய போனப்புறம் திரியப் பத்த வைங்க."

மாதேஸ்வரன் கோயில் மதிலுக்கு வெளியே நின்றிருந்தான். ஆரோக்கியம்மாள் அவனிடம் போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"எதுக்குடா ரெண்டு பேரும் கெணத்து மேட்டுல பனியில கெடக்கறீங்க? வூட்டுல எடமில்லையா?" என்றாள். "கறிக்கடை மூடறதுக்குள்ள போயி நெஞ்செலும்பா பாத்து வாங்கிட்டு வாங்க. ரெண்டு பேரும் போங்க."